என் கை, அவர் கால்

சாரதிப் பரீட்சையில் நான் இரண்டாம் முறை கோட்டை விட்டது ஒரு வைரவரால். சந்தியில் சின்னக் கோயில். ஒரு சூலம், அதற்கு மேலே தகரக் கூரை, முன்னால் ஒரு மணி, அவ்வளவுதான். கார் அதைத் தாண்டும்போது என் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நெஞ்சுக்கு முன்னால் போய்க் கூப்பிக்கொண்டன. அதோடு விட்டேனா? கண்ணையும் மூடினேன். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் கார் தன்பாட்டில் வலது பக்கம் சரிந்தது. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த மீன்காரர் ஒருவர் பெட்டியோடு மதகோரம் ஏறி நின்றார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பக்கத்துச் சீற்றில் இருந்த பரீட்சகர் கையில் வைத்திருந்த கடதாசியை மடித்தார்.

"அம்மா, காரை ஓரமா விடுங்கோ."

விட்டேன்.

"கும்பிட்டது பிழையெண்டு நான் சொல்லேல்லை. வைரவர் காப்பாத்துவார். ஆனா மார்க்ஸ் போடுறது நான்."

இறங்கி நின்று கையைப் பார்த்தேன். ஆத்திரம் என்றால் அப்படி ஒரு ஆத்திரம். நேர்சரியில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் மூலையில் கொண்டுபோய் இருத்தியிருப்பேன். என் சொந்தக் கையை எந்த மூலையில் இருத்துவது?

நான் பருத்தித்துறையில் ஒரு நேர்சரியில் படிப்பிக்கிறேன். இருபத்திரண்டு வருடம். பிள்ளைகளின் வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிடும் என்பது என் தொழிலின் முதல் பாடம். ஒன்றுக்குப் போக வேண்டிய பிள்ளை சட்டைக் கரையைத் திருகும். தாயைத் தேடுகிற பிள்ளை காது மடலைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்க்கும். பொய் சொன்ன பிள்ளை ஒரு காலை மற்றக் காலின் மேல் ஏற்றி நிற்கும். கிட்டப் போய்க் கேட்கத் தேவையே இல்லை, வாசலில் நின்று பார்த்தாலே எனக்குப் பிடிபட்டுவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் என் உடம்பை நான் ஒருநாளும் வாசலில் நின்று பார்த்ததில்லையே!

வீட்டிலிருந்து நேர்சரிக்கு ஒன்றரைக் கட்டைத் தூரம். சைக்கிளில் போவேன். வழியில் நாலு கோயில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை ஹாண்டிலை விட்டு நெஞ்சுக்குப் போகும். இதைப் பக்தி என்று சொல்லிப் பீற்றிக்கொள்ள மாட்டேன். பாதி நாள் மனம் மத்தியானக் கறியில் இருக்கும், கை தன் கடமையைச் செய்யும். மனம் பதறுகிற நாளில் ஒரு கை போதாது, இரண்டும் போகும். எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் இதே கதைதான். பஸ் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது உள்ளே இருக்கிற அத்தனை பேரின் கையும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கும். நெஞ்சு படபடக்கிற நேரத்தில் கையை நெஞ்சில் வைத்தால் அது கொஞ்சம் அடங்குகிறது. கடவுள் அடக்குகிறாரா, கை அடக்குகிறதா என்று நான் ஆராயப் போனதில்லை.

ஐம்பத்தொரு வயதில் உனக்கு எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் கணவர் இருபத்தேழு வருடம் ஹயரிங் வான் ஓட்டியவர். ஊரில் பாதிச் சனம் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அவருடைய வானில்தான் போனது. சீனி வருத்தம் அவருக்குப் பத்து வருடமாக இருந்தது. போன வருடம் அது கண்ணில் கை வைத்தது. வலது கண்ணின் பின்பக்கம் இரத்தம் கசிந்து பார்வை போய்விட்டது. வானை விற்றோம். ஒரு சின்னக் கார் மட்டும் மிஞ்சியது, தகரக் கொட்டிலுக்குள் துணி போர்த்திக்கொண்டு நின்றது. காலையில் எழும்பித் தேத்தண்ணி குடிக்க முதல் அதை ஸ்ராட் பண்ணிப் பத்து நிமிடம் அப்படியே உள்ளே இருந்துவிட்டு நிற்பாட்டுவார். பற்றறி இறங்கிவிடுமாம்.

இடது கண்ணிலும் அதே கசிவு தொடங்கியிருந்தது. மாதா மாதம் யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கண்ணுக்குள் ஒரு ஊசி போட வேண்டும், அப்படிப் போட்டால் அந்தக் கண்ணைக் காப்பாற்றலாம் என்றார்கள். முதல் ஊசிக்கு ஓட்டோவில் போனார். வந்து இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கதைத்தது முழுக்க அந்த ஓட்டோக்காரனைப் பற்றித்தான். பிரேக் போடத் தெரியாதவன், சிக்னல் போடத் தெரியாதவன், மாடு மேய்க்கப் போக வேண்டியவன்! அடுத்த மாதம் தடிமன், மூக்கடைப்பு என்றார். அதற்கு அடுத்த மாதம் ஊரில் ஒரு செத்த வீடு வந்தது. பஸ்ஸில் நெரிசல் என்றார். என் தம்பி தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிற்பாட்டினான். இவர் பின் கதவால் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

டொக்டர் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்: "பிந்தினா இந்தக் கண்ணும் போயிடும். பிறகு நான் ஒண்டும் செய்யேலாது."

நான் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்தேன். இது பெருமை. ஊரையே ஏற்றி இறக்கிய மனிசனுக்கு மற்றவன் ஓட்டப் பக்கத்தில் இருக்க ஏலாது. அதை முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன். அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. சண்டையின் உச்சியில் அவர் சிரித்தார்.

"அப்ப நீ லைசன்ஸ் எடுவன். எடுத்துக்கொண்டு வந்து என்னை ஏத்து. மறுபேச்சுக் கதையாமல் வாறன்."

"சாமிப் படத்துக்கு முன்னாலை வந்து சொல்லுங்கோ."

வந்து, விபூதியும் பூசிக்கொண்டு, அதே சிரிப்போடு சொன்னார். என் சைக்கிள் ஓட்டத்தையே இருபத்தெட்டு வருடமாகப் பகிடி பண்ணுகிற மனிதர். இவள் எங்கே எடுக்கப் போகிறாள் என்ற தைரியம் அவருக்கு. அடுத்த நாளே நான் போய் ட்ரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தேன்.

எனக்குப் பழக்கியவள் இருபத்தாறு வயதுப் பிள்ளை. குதிரைவால் கொண்டை, கறுப்புக் கண்ணாடி, வாய் முழுக்கப் பகிடி. மடியில் எப்போதும் ஒரு கைப்பை வைத்திருப்பாள். நான் ஒரு வளைவை நெருங்கும்போதெல்லாம் அந்தப் பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடுவாள். சிர் சிர் என்று சத்தம் வரும். அவளுக்கு அது தெரியவே தெரியாது. நான் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிரயோசனமாக இருந்தது, அவள் முகத்தைப் பார்க்காமலே என் ஓட்டம் எப்படி என்று தெரிந்துவிடும்.

முதல் பரீட்சையில் நான் தொடங்கிய இடத்தை விட்டே போகவில்லை. கிளச்சை விடுகிற கணத்தில் எஞ்சின் செத்தது. மூன்று தரம். மூன்றாம் தரம் பரீட்சகர் தானாகவே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். அதற்கு நான் வெட்கப்படவில்லை, ஓட்டம் பழகவில்லை என்றால் பழகலாம். இரண்டாவதில் ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. கைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. மூன்றாவதும் தவறினால் எழுத்துப் பரீட்சையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று ட்ரைவிங் ஸ்கூலில் சொன்னார்கள். அதற்குள் எத்தனை மாதம் போகும்? அவருடைய கண் அவ்வளவு நாள் பொறுக்குமா?

வைரவர் விவகாரத்தைக் கேட்டு அந்தப் பிள்ளை ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"அன்ரி, உங்கடை கையைக் கட்டிப்போடேலாது. அதுக்கு வேறை வேலை குடுப்பம்."

"என்ன வேலை?"

"உந்த ஸ்டியரிங் உறையிலை தையல் இருக்கெல்லே. கோயில் வந்தா பெருவிரலாலை அந்தத் தையலைத் தடவுங்கோ. வாயாலை முருகா எண்டுங்கோ. சாமிக்குக் காது இருக்குத்தானே."

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புத் தாங்காது. அவள் வேண்டுமென்றே கோயில் உள்ள றோட்டாகப் பார்த்து என்னை ஓடவிட்டாள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமா! பிள்ளையார், வைரவர், அம்மன், நாகதம்பிரான், மறுபடியும் பிள்ளையார். ஒரு கோயில் முடிந்து மூச்சு விட முன்னம் அடுத்தது வந்து நிற்கும். முதல் நாள் பதினேழு கோயிலில் ஒன்பதுக்குக் கை எழும்பிவிட்டது. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அவள், "போச்சு, லொறி வந்திட்டுது!" என்று கத்துவாள். லொறி எதுவும் வராது. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிடும்.

கை எழும்புவதற்கு முன்னம் என்ன நடக்கிறது என்று அப்போதுதான் கவனிக்கத் தொடங்கினேன். கோயில் தெரிகிற தூரத்தில் முதலில் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும். பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். மூச்சு நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் விரல்கள் தளரும். ஆக, கும்பிடுவதற்கு முன்னமே நான் பயந்துவிடுகிறேன், அந்தப் பயத்தை ஆற்றத்தான் கை ஓடுகிறது! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. காரை ஓரம் கட்டிவிட்டு அந்தப் பிள்ளைக்கு மூச்சிறைக்க விளங்கப்படுத்தினேன். அவள், "சரி அன்ரி, அப்ப தோளைக் கீழை விடுங்கோ," என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டாள்.

தோளைக் கீழே விட்டேன். பெருவிரலால் தையலைத் தேய்த்தேன். ஒன்பது ஐந்தாகியது, ஐந்து இரண்டாகியது. விரல் நுனியில் தோல் உரிந்து மஞ்சள் பூச வேண்டி வந்தது. ஒருநாள் நல்லூர் வரைக்கும் ஓடிப் போனோம். முருகனின் கோபுரம் முழு உயரத்துக்கு எழும்பி வந்தது. ஆனால் கை எழும்பவில்லை! "முருகா, குறை நினையாதை, பிறகு இறங்கி வந்து கும்பிடுறன்," என்று வாய்விட்டே சொன்னேன். திரும்பிப் பார்த்தால், சிப் மூடியே இருந்தது. அந்தப் பிள்ளை பையை மறந்து யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் படவில்லை.

வீட்டில் அவர் பின்னேரம் தோறும், "இண்டைக்கு எத்தினை பேர் தப்பினது?" என்று கேட்பது வழக்கம். நான் முன்னேற முன்னேற அந்தப் பகிடி குறைந்தது. நல்லூர்க் கதையைச் சொன்ன அன்று, "ஓ," என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். துடைத்துப் போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். பொறாமை என்று நினைத்தேன். எனக்கு அது உள்ளூர இனிப்பாகவும் இருந்தது.

மூன்றாவது பரீட்சை ஒரு மாசிக் காலை. காத்திருக்கிறவர்கள் இருக்கும் நீள வாங்கில் ஏழெட்டுப் பேர். வாங்கு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் பெரிய மீசைக்காரர் ஒருவர் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒருத்தி பின்னல் நுனியை வாயில் வைத்திருந்தாள். இன்னொருவர் பேனாவை டிக் டிக் என்று அமத்திக்கொண்டே இருந்தார், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பல்லைக் கடித்தார். அவர்களைப் பார்க்கப் பார்க்க என் பயம் பாதி போய்விட்டது. நேர்சரியின் முதல் நாள் போலவே இருந்தது, மீசை மட்டும்தான் வித்தியாசம்.

அதே பரீட்சகர். என்னைக் கண்டதும் சீற் பெல்ற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கிளச் என் சொல் கேட்டது. கார் மெத்தென்று கிளம்பியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, பின்னால் பார்த்துச் சிக்னல் போட்டுத் திரும்பியது எல்லாம் எண்ணெய் போட்டது போல நடந்தன. பிறகு அந்தச் சந்தி வந்தது.

நான் தோளைக் கீழே விட்டேன். பெருவிரல் தையலைத் தேடிப் போனது. சரியாக அந்த நேரம் பார்த்து, கோயில் ஐயர் மணியைப் பிடித்து அடித்தார் பாருங்கள்! றோட்டில் நின்ற, போன, வந்த அத்தனை பேரின் கையும் எழும்பியது. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவர் ஒரு கையை அல்ல, இரண்டு கையையும் விட்டார். கண்ணையும் மூடியிருப்பார், சத்தியம் பண்ணுவேன். சைக்கிள் குடித்த வெறிகாரன் மாதிரி ஆடி, நேரே என் காருக்கு முன்னால் சரிந்தது.

என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன! அதனால்தான் அந்த மனிதர் இன்றைக்கும் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கிறார். பிரேக்கை அமத்தினேன், கார் அவருடைய பின் மட்காட்டுக்கு ஒரு முழம் இப்பால் நின்றது, எஞ்சினும் சாகவில்லை. பெரியவர் காலை ஊன்றி நின்று, என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்துவிட்டுப் போனார். திட்ட எனக்கு வாய் வரவில்லை. அது நான்தானே!

கடைக்கண்ணால் பக்கத்துச் சீற்றைப் பார்த்தேன். பரீட்சகரின் வலது கை அவர் நெஞ்சில் இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கையை மெதுவாக இறக்கிப் பேனாவை எடுத்தார்.

"றோட்டைப் பாத்து ஓடுங்கோ அம்மா," என்றார்.

எடுத்துவிட்டேன்! அந்தக் கடதாசியைக் கையில் தந்தபோது நான் போட்ட சத்தத்தில் வாங்கில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். ட்ரைவிங் ஸ்கூல் பிள்ளையைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன், அவளுடைய கறுப்புக் கண்ணாடி எங்கோ பறந்தது. அங்கேயே நின்று அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ! எடுத்திட்டன்! லைசன்ஸ் எடுத்திட்டன்!"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"நல்லது," என்றார் கடைசியில்.

செவ்வாய்க்கிழமை கிளினிக். சாமிக்கு முன்னால் சொன்ன சொல் என்பதால் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து இடப்பக்கச் சீற்றில் ஏறினார். வீட்டுக் கேற்றைத் தாண்டியதுமே தொடங்கிவிட்டார். வாயால் இல்லை, காலால். நான் ஒரு நாயைக் கண்டு வேகம் குறைத்தால், அதற்கு முன்னமே அவருடைய வலது கால் கீழே கிடந்த றபர் விரிப்பை அமத்தியிருக்கும். நெல்லியடியில் அமத்தினார். வல்லைவெளியில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு வாகனம் இல்லை, காற்று மட்டும்தான், அங்கேயும் அமத்தினார். நீர்வேலியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"அது பிரேக் இல்லையப்பா! பிரேக் இஞ்சாலை என்ரை காலுக்குக் கீழை இருக்கு!"

"நான் ஒண்டும் செய்யேல்லையே," என்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார். அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தார்.

கோப்பாய் தாண்டும்போது றபர் விரிப்பு மடிந்து சுருண்டுவிட்டது. மூன்று பரீட்சை, நூறு கோயில், உரிந்துபோன விரல், இவ்வளவுக்குப் பிறகும் இந்த மனிசனுக்கு என் ஓட்டத்தில் நம்பிக்கை இல்லை! ஊசி போட்டு முடியட்டும், வீட்டுக்குப் போய்ச் சொல்கிற சொல்லில் இன்னும் இருபத்தேழு வருடத்துக்கு வாய் திறக்கக்கூடாது என்று வசனம் வசனமாக மனதில் அடுக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு வேப்பமரத்தின் கீழே நிற்பாட்டினேன். ஒரே தடவையில், மதிலோரம் நேராக! எஞ்சினை நிற்பாட்டி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, சாவித்துவாரத்திலிருந்து திறப்பைக் கழற்றி, "இப்ப என்ன சொல்லுறியள்?" என்று கேட்கத் திரும்பினேன்.

கார் நின்றுகொண்டிருந்தது. முன்னால் மதில், பின்னால் ஒருவருமில்லை. அவருடைய கால் மட்டும் இன்னும் அமத்திக்கொண்டே இருந்தது. முழங்கால் நடுங்கும் அளவுக்கு அமத்தியது.

நிற்கிற காரை ஒருவர் எதற்கு நிற்பாட்டப் பார்க்கிறார்?

எனக்கு முகம் சுட்டது. இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளின் சட்டைக் கரையைப் பார்த்து மனதைப் படித்தவள் நான். என் வீட்டில், என் பக்கத்தில், மாதக்கணக்காக ஒரு மனிதர் உடம்பு முழுவதாலும் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பெருமை என்றேன், பொறாமை என்றேன். வெட்கமாக இருந்தது. அடுக்கி வைத்த வசனம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஊசிக்குப் பயமாக் கிடக்கோ?" என்று கேட்டேன்.

அவர் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூட விடமாட்டினமப்பா," என்றார். "கிளிப் போட்டுத் திறந்து வைச்சிருப்பினம். நோகாது, மருந்து விடுவினம். ஆனா இருக்கிறது அந்த ஒரு கண். அதுக்குள்ளை ஊசி வாறதை அந்தக் கண்ணாலைதான் பாக்க வேணும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ லைசன்ஸ் எடுக்கமாட்டாய் எண்டுதான் நினைச்சனான்."

நேர்சரியின் முதல் நாளில், தாயை விட்டு வந்து அழுகிற பிள்ளையிடம் நான் பயப்படாதே என்று சொல்வதில்லை. சொல்லிப் பிரயோசனமில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்றைக் கையில் கொடுப்பேன். முகம் துடைக்கிற ஒரு லேஞ்சி, ஒரு மரக்கட்டை, எதுவென்றாலும் சரி. அந்த நேரம் என் கையில் இருந்தது கார்த் திறப்புத்தான். அதை அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன்.

"இதைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ. நீங்கள் கொண்டுவந்து தந்தால்தான் நான் கார் எடுக்கலாம்."

அவர் திறப்பைப் பார்த்தார். பிறகு கால் எழும்பியது. கதவைத் திறந்து இறங்கினார்.

முக்கால் மணித்தியாலம் வாங்கில் இருந்தேன். என் இரண்டு கையும் கூப்பி நெஞ்சில் இருந்தன, ஸ்டியரிங் இல்லாத இடத்தில் யார் கேட்பது? தாதி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது இடது கண்ணை மூடிக் கட்டுப் போட்டிருந்தார்கள். வலது கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை. வீடு போய்ப் பின்னேரம் கட்டை அவிழ்க்கும் வரை அவருக்கு உலகம் முழுக்க இருட்டு. ஒரு கையால் காற்றைத் துழாவிக்கொண்டு, மற்றக் கையை என் பக்கம் நீட்டினார். திறப்பை எடுத்தேன். அதன் பற்கள் உள்ளங்கையில் வரிசையாகப் பதிந்து சிவந்திருந்தன. நான் அங்கேயே, அத்தனை சனத்துக்கு முன்னால், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரிக்கவும் செய்தேன். "என்னடி, ஆக்கள் பாக்கப் போகினம்," என்றார், பார்க்க முடியாத மனிதர்.

காரில் ஏற்றி, பெல்ற்றைப் போட்டுவிட்டு, சுருண்ட றபர் விரிப்பை விரித்துவிட்டேன். கல்வியங்காடு, கோப்பாய், புத்தூர் எல்லாம் கடந்து போயின. அவருக்கு ஒன்றும் தெரியாது. பஸ் ஒன்று எங்களை உரசுகிறாற்போல முந்திக்கொண்டு போனது, நான் பிரேக் அடித்தேன். கார் குலுங்கியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் யன்னலால் உப்புக் காற்று அடித்தது. தலையை நிமிர்த்தி மணந்து பார்த்தார்.

"எவடத்திலை நிக்கிறம்?"

"வல்லைவெளி."

"முன்னுக்கு ஏதும் வருதோ?"

"ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் உருட்டிறாய்?" என்றார். "கொஞ்சம் மிதியன்."

மிதித்தேன்.